வெளிச்சுவர் ஓதம்: வண்ணம் அடிப்பதற்கு முன்

ஓதம் என்பது கட்டடத்தின் சுவரிலோ தரையிலோ கூரையிலோ புகுந்து தங்கிவிடும் ஈரம். பழைய இலக்கியத்தில் இச்சொல்லுக்கு அலை, வெள்ளம், கடல் என்ற பொருள்களும் உண்டு. வீடு கட்டுவோர் பேச்சில் "சுவர் ஓதம் அடிக்கிறது" என்றால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். சிமென்ட் பூச்சுப் பூசிய வெளிச்சுவரில் ஓதம் முதலில் கருத்த திட்டாகத் தெரியும். நாளாக ஆக அதன் ஓரத்தில் வெள்ளை உப்பு பூக்கும், வண்ணம் கொப்பளித்து உரியும், கடைசியில் பூச்சே பொரிந்து மணலாக உதிரும்.

தமிழ்நாட்டில் பரவலாக உள்ள, சுட்ட செங்கல்லில் கட்டிச் சிமென்ட் கலவை பூசிய வீடுகளை வைத்தே இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. இத்தகைய வீட்டுக்கு வெளிப்புறம் வண்ணம் அடிப்பது, சாரம் கட்டுவது முதல் கூலி வரை சேர்த்தால், நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய செலவு. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறைதான் செய்ய முடிகிறது. ஈரச் சுவர்மேல் அடித்தால் அந்தச் செலவு ஒரே மழைக்காலத்தில் வீணாகும். வண்ணத்தால் ஓதம் போகாது. நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அதை அடைத்து, சுவரை உலரவிட்டு, உப்பை நீக்கிய பிறகே வண்ணம் அடிக்க வேண்டும். இவற்றில் பலரும் தாண்டிவிடுவது உலரவிடும் காலத்தைத்தான்.

சுவர் ஏன் நீரைக் குடிக்கிறது

கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி ஒன்றை, அரை விரற்கடை ஆழத்துக்கு மை ஊற்றிய தட்டில் நிறுத்தி வைத்தால், சில நிமிடங்களில் மை கட்டியின் பாதி உயரத்துக்கு ஏறிவிடும். வகுப்பில் மாணவர்களுக்கு நுண்புழை ஏற்றத்தை விளக்க இதைவிட மலிவான சோதனை இல்லை. செங்கல்லும் சிமென்ட் பூச்சும் அந்தச் சுண்ணக்கட்டியைப் போன்றவையே. அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்து செல்கின்றன. அவை நீரை மேலேயும் பக்கவாட்டிலும் இழுக்கும். இதற்கு அழுத்தமோ ஓட்டையோ தேவையில்லை. நீர் வந்து தொட்டாலே போதும்.

எவ்வளவு நீர் என்று கணக்குப் பார்ப்பது நல்லது. சாதாரண கட்டடச் செங்கல்லை 24 மணி நேரம் நீரில் ஊறவைத்தால், அதன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீரை ஏற்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதாவது ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள கல் 600 மில்லிலிட்டர் வரை குடித்தாலும் அது தரமான கல்தான். ஒன்பது அங்குலக் கனமுள்ள சுவரில் 100 சதுர அடிக்குச் சுமார் ஆயிரம் கற்கள் இருக்கும். ஒவ்வொன்றும் அந்த உச்ச அளவில் பாதியை, 300 மில்லிலிட்டரை மட்டுமே குடித்திருந்தாலும் மொத்தம் 300 லிட்டர். இருபது குடம் தண்ணீர்! வெளியிலிருந்து கைவைத்துப் பார்த்தால் பூச்சு காய்ந்தது போலத்தான் இருக்கும். இருபது குடமும் உள்ளே இருக்கும்.

இந்த நீர் ஆவியாகி வெளியேறும் வழியில் வண்ணப் படலம் குறுக்கே நின்றால், வெயில் ஏறும்போது உள்ளே சேரும் ஆவி படலத்தைத் தள்ளுகிறது. பூச்சில் ஒட்டியிருக்கும் பிடி ஈரத்தால் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால் கொப்புளம் எழுகிறது. விலை உயர்ந்த, தடித்த நீர்த்தடை வண்ணமாக இருந்தால் கொப்புளம் இன்னும் பெரிதாக வரும். "வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தும் இப்படி ஆகிவிட்டதே" என்று புலம்புவோர் பலர். அந்தப் படலம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. உள்ளே இருந்த நீரை வெளியே விடவில்லை.

கறையின் இடமும் நேரமும்

ஓதத்தின் ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கறை எந்த இடத்தில் இருக்கிறது, எப்போது பெரிதாகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் கறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைப்பது மிக நல்ல பழக்கம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கறை வளர்ந்ததா, நின்றதா, சுருங்கியதா என்று தெரிந்துவிடும்.

தரையிலிருந்து தொடங்கி இரண்டு மூன்று அடி உயரம் வரை, மேல் விளிம்பு அலைபோல் நெளிந்து, நெடுக ஓடும் கறை என்றால் நீர் மண்ணிலிருந்து ஏறுகிறது. கடைக்காலுக்கும் சுவருக்கும் நடுவே, பேஸ்மட்டத்தின் மேல், ஓதம் தடுக்கும் கான்கிரீட் அடுக்கு ஒன்று போடப்பட வேண்டும். பல பழைய வீடுகளில் அது இல்லை. இருந்தாலும் பயன்படாமல் போகும் நிலைமை நம் ஊர்களில் அதிகம். தெருவில் சாலை போடும் ஒவ்வொரு முறையும் மட்டம் ஏறுகிறது. நாமும் முற்றத்தில் மண் கொட்டி, அதன்மேல் தளக்கல் பதிக்கிறோம். முடிவில் வெளித்தரை ஓதத்தடுப்பு அடுக்குக்கு மேலே போய்விடுகிறது. அப்புறம் அந்த அடுக்கு மண்ணுக்குள் புதைந்த வெறும் கான்கிரீட்டுப் பட்டைதான். சுவரோரம் வரிசையாக வைத்த பூந்தொட்டிகள், துணி துவைக்கும் கல், மண்ணில் விழுந்து தெறிக்கும் கூரைநீர் ஆகியவையும் இதே இடத்தில் கறை உண்டாக்கும். ஆனால் அவற்றின் கறை நெடுக ஓடாமல் அந்தந்த இடத்தோடு நிற்கும்.

கறை மேலிருந்து கீழே இறங்கினால் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் உச்சிதான் பெரும்பாலும் குற்றவாளி. அதன் மேற்பரப்பு வெடித்திருக்கும், அல்லது சரிவு வெளிப்புறமாக இருக்கும். மழைநீர் முழுவதும் வெளிச்சுவர் வழியே வழியும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் தட்டோடு பெயர்ந்திருந்தாலும், மழைநீர்க் குழாயின் வாய் இலை தழையால் அடைபட்டிருந்தாலும் இதே விளைவுதான். மழை நின்று ஓரிரு நாளில் கறை வெளுக்கத் தொடங்கினால் இந்த ஐயம் உறுதிப்படும்.

சன்னலின் மேல் மூலையிலோ அடி மூலையிலோ தோன்றும் கறைக்குச் சன்ஷேடைப் பார்க்க வேண்டும். சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கும். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் நீர் சொட்டி விழுவதற்கான பள்ளக்கோடு விடாமல் பூசியிருந்தால், நீர் அடிப்பரப்பிலேயே ஊர்ந்து சுவருக்குத் திரும்பி வரும். விரல்நுனி அகலமுள்ள ஒரு பள்ளம் இல்லாததால் ஒரு சுவரே கெடும்.

நேர்க்கோடாகச் செங்குத்தாகவோ படுக்கையாகவோ ஓடும் ஈரக்கோடு, கான்கிரீட் தூணும் உத்தரமும் செங்கல் சுவரோடு சேரும் இடத்தைக் காட்டுகிறது. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. அந்த இணைப்பின்மேல் கோழிவலை அடித்துப் பூசாவிட்டால் பூச்சு அங்கே கோடாக வெடிக்கும். வடகிழக்குப் பருவக்காற்று மழையை வடக்கு, கிழக்குச் சுவர்களில்தான் அறைகிறது. எனவே அந்தப் பக்கங்களின் வெடிப்புகளை முதலில் தேட வேண்டும்.

மழையே இல்லாத ஏப்ரல் மாதத்திலும் மாறாமல் நிற்கும் கறை வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. அதன் பின்புறம் குளியலறையோ சமையலறைத் தொட்டியோ இருக்கும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால், காலையில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக் குழாய்க் கசிவை அறியலாம். குளியலறைத் தரையின் நீர்போக்கியை அடைத்து, ஓர் அங்குல நீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கி வைத்தால் தரைக் கசிவு தெரியவரும். குளிர்சாதனப் பெட்டியின் நீர்க்குழாய் சுவரிலேயே சொட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கத் தவறக் கூடாது. அதற்கு மருந்து இரண்டடி நீளக் குழாய்தான்.

இரண்டு அறிகுறிகளைக் கண்டால் வண்ண வேலையை நிறுத்திவிட வேண்டும். ஒன்று, துருநிறக் கறையும் அதையொட்டிக் கம்பியின் போக்கில் வெடிப்பும். சன்ஷேடு, உத்தரம், பால்கனி அடிப்பகுதி ஆகிய இடங்களில் இது வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட்டைத் தள்ளுகிறது என்று பொருள். துண்டு பெயர்ந்து கீழே நிற்பவர் தலையில் விழலாம். கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் அதைப் பட்டி வைத்து மறைப்பது ஆபத்து. மற்றொன்று, மின் மீட்டர்ப் பெட்டி அல்லது சுவிட்சுப் பலகைக்கு அருகே ஈரம். மின் இணைப்பைத் துண்டித்து மின்பணியாளர் பார்க்கும் வரை அந்தச் சுவரைத் தொடவோ சுரண்டவோ கூடாது.

உப்பு செய்யும் வேலை

நீர் தனியாக வருவதில்லை. மண், செங்கல், சிமென்ட், கலவைக்குப் பயன்படுத்திய ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகியவற்றிலிருந்து உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கிவிடுகிறது. சுவர் உப்பு பூப்பது இதனால்தான்.

மேலே பூத்த உப்பு அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். பூச்சுக்குள்ளேயே படியும் உப்புதான் பூச்சை உடைக்கிறது. சோடியம் சல்பேட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஈரம் இருக்கும்போது, 32.4 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாகி, மூன்று மடங்குக்கும் மேலாகப் பருக்கிறது. அந்த வெப்பநிலைக்கு மேலே போனால் நீரை விட்டுவிட்டுச் சுருங்குகிறது. நம் ஊர்ச் சுவர் பகலில் அந்த அளவைத் தாண்டுகிறது, இரவில் அதற்குக் கீழே இறங்குகிறது. நாள்தோறும் துளைகளுக்குள் இந்தப் பருத்தலும் சுருங்குதலும் நடந்தால் எந்தப் பூச்சும் பொரிந்துதான் போகும்.

கடலோர ஊர்களில் சாப்பாட்டு உப்பே தொல்லை தருகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். மழையும் இல்லை, கசிவும் இல்லை, ஆனால் காலையில் சுவர் நனைந்திருக்கிறது, மதியம் காய்ந்துவிடுகிறது என்று சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கத்தவர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உப்பேறிய பூச்சை வெட்டியெடுக்காமல் இது தீராது.

பூத்த உப்பை நீர் ஊற்றிக் கழுவுவது வழக்கமான தவறு. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். காய்ந்த நிலையில் விறைப்பான தூரிகையால் துடைத்துக் கூட்டி அள்ளிவிட வேண்டும். சில நாள் கழித்து மீண்டும் பூத்தால் மீண்டும் துடைக்க வேண்டும். பூப்பது குறைந்துகொண்டே போனால் சுவர் உலர்கிறது என்று அறியலாம். அமிலம் ஊற்றித் தேய்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது சிமென்ட்டையும் அரிக்கும், புதிய உப்புகளையும் உண்டாக்கும்.

அடைத்தலும் வெட்டிப் பூசுதலும்

ஊற்றுக்கண் தெரிந்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் எளியது. வெளித்தரையை ஓதத்தடுப்பு அடுக்குக்கு அரை அடியாவது கீழே இருக்குமாறு தாழ்த்தி, சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு, வெளிப்புறம் சரியும் தளம் போட வேண்டும். கைப்பிடிச் சுவர் உச்சியை மாடிப்பக்கம் சரியுமாறு பூச வேண்டும். தடுப்பு அடுக்கே இல்லாத வீட்டில், சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு நீர்விலக்கும் வேதிக்கலவையைச் செலுத்தும் முறை இருக்கிறது. அனுபவமுள்ளவர் செய்தால் பலன் தரும். ஆனால் மண்மட்டத்தைத் தாழ்த்தாமல் அதை மட்டும் செய்வது பணவிரயம்.

பிறகு பூச்சைச் சோதிக்க வேண்டும். விரல் மூட்டாலோ சிறு சுத்தியலாலோ தட்டிக்கொண்டே போனால், பிடிப்புள்ள இடம் கெட்டியான ஓசை தரும். விட்டுப்போன இடம் பொள்ளல் ஓசை தரும். பொள்ளலான பூச்சையும், மண்ணிலிருந்து ஏறிய ஓதமாக இருந்தால் கறையின் மேல் விளிம்புக்கு மேலே இன்னும் ஓரடி வரையுள்ள பூச்சையும் செங்கல் தெரியும்வரை உளியால் பெயர்த்தெடுக்க வேண்டும். கறைக்கு வெளியே ஏன் ஓரடி என்றால், உப்பு அதிகமாகச் சேர்ந்திருப்பது அந்த விளிம்பில்தான். செங்கல் இணைப்புகளையும் அரை அங்குலம் சுரண்டிவிட்டு அப்படியே திறந்து வைத்தால் சுவர் வேகமாக உலரும்.

மறுபூச்சுக்கு ஒன்றுக்கு ஐந்து அல்லது ஒன்றுக்கு நான்கு என்ற விகிதக் கலவை போதும். சிமென்ட் கூடினால் பலம் கூடும் என்று கொத்தனாரிடம் கேட்டு அதிகம் போடச் சொல்லுவோர் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பூச்சு சுருங்கி வலைப்பின்னலாக வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் மழைக்கு ஒரு வாசல். கலவை நீரும் குடிநீர் போல நல்ல நீராக இருக்க வேண்டும். பூசிய பிறகு ஏழு நாளாவது நனைத்து வர வேண்டும்.

பழைய சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடுகள் தனி இனம். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை ஏற்றும், பின் வெளியேயும் விடும். அதன்மேல் சிமென்ட் பூச்சுப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, வீட்டுக்குள் பக்கம் ஓதம் திரும்பும். அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையுமே பொருத்தம்.

பச்சைப் பாசியும் கருப்புப் பூசணமும் இருந்தால், பிளீச்சிங் தூளை நீரில் கரைத்துத் தெளிந்த நீரைத் தடவிச் சிறிது நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவலாம். கையுறை அணிந்துகொள்ள வேண்டும். அந்தக் கரைசலோடு எந்த அமிலத்தையும் சேர்க்கக் கூடாது. நச்சுவாயுவான குளோரின் வெளிப்படும். பழைய வண்ணத்தைச் சுரண்டும்போதும் கவனம் தேவை. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்று எண்ணியே சற்று நனைத்துச் சுரண்டி, உதிர்ந்ததைக் கூட்டிக் கட்டிப் போட வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

பண்டிகை நாளும் சுவரின் நாளும்

நம் வழக்கப்படி வீட்டுக்கு வண்ணம் அடிப்பது தீபாவளிக்கு அல்லது பொங்கலுக்கு. இரண்டுமே ஓதச் சுவருக்கு மிகத் தவறான காலம். தீபாவளி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் வருகிறது. பொங்கலோ, மூன்று மாதம் மழை குடித்த சுவர் நீர் நிறைந்து நிற்கும்போது வருகிறது. மார்கழிப் பனியும் சேர்ந்துகொள்கிறது. பொங்கலுக்கு மினுமினுத்த சுவர் சித்திரை வெயிலில் கொப்பளிப்பதை எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் பெயிண்டரைக் குறை சொல்லுவார். பெயிண்டர் கடைக்காரரைக் குறை சொல்லுவார்.

சுவர் உலர எவ்வளவு நாள் ஆகும்? கட்டுமானத்தில் புழங்கும் தோராயக் கணக்கு, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது. இது குளிர்நாடுகளில் உருவான கணக்கு. பூச்சைப் பெயர்த்துத் திறந்து வைத்த சுவர் நம் மாசி, பங்குனி வெயிலில் இதைவிட விரைவாக உலரும். ஆனாலும் வாரக்கணக்கில் முடியும் வேலையல்ல. எனவே ஐப்பசி, கார்த்திகை மழையில் கறைகளைக் குறித்து வைத்து, தையில் கசிவுகளை அடைத்து, கெட்ட பூச்சைப் பெயர்த்து, மாசி வரை உலரவிட்டு, பிறகு மறுபூச்சுப் பூசி, சித்திரை வைகாசியில் வண்ணம் அடிப்பதே சுவருக்கு ஏற்ற காலக்கணக்கு. புதிய பூச்சுக்கும் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். ஈரத்துக்காக மட்டுமல்ல, புதுச் சிமென்ட்டின் கடுமையான காரத்தன்மை தணியவும் அந்த நாள்கள் தேவை.

உலர்ந்துவிட்டதா என்று அறிய, ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நிழலான இடத்தில் சுவரோடு ஒட்டி, நான்கு விளிம்பையும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் மூடி, மறுநாள் எடுத்துப் பார்க்கலாம். தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தாலோ அந்த இடம் கருத்திருந்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டும். கறையின் நடுவிலும் விளிம்பிலுமாக இரண்டு மூன்று இடத்தில் செய்வது நல்லது. கடைகளில் கிடைக்கும் முள் வைத்த ஈரமானி உப்பேறிய சுவரில் இல்லாத ஈரத்தையும் காட்டும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வண்ணம் அடிக்கும்போது

இதுவரை சொன்னவை சரியாக நடந்திருந்தால் இந்தப் பகுதியில் சிக்கல் குறைவு. தூசியைத் துடைத்து, மயிரிழை வெடிப்புகளை வெளிப்புறத்துக்கான நிரப்பியால் அடைத்து, காரம் தாங்கும் வெளிச்சுவர்ப் பிரைமர் ஒரு கை, வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கை. உட்சுவருக்கான பட்டியையோ பிளாஸ்டர் ஆஃப் பாரிசையோ வெளியே தொடவே கூடாது. மழையில் ஊறிக் கழன்றுவிடும். எண்ணெய் சேர்ந்த வண்ணங்களும் புதுச் சிமென்ட்டின் காரத்தோடு வினைபுரிந்து சோப்பாக மாறி உரியும். சித்திரை வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் சுவரில் அடித்தால் வண்ணம் பிடிக்கும் முன்பே காய்ந்துவிடும். காலையில் மேற்குச் சுவரும் மாலையில் கிழக்குச் சுவரும் என நிழலைத் தொடர்ந்து அடிப்பது அனுபவமுள்ள பெயிண்டர்கள் செய்வதுதான்.

தை மாதத்தில் வீட்டில் கல்யாணம், காத்திருக்க வழியில்லை என்றால், ஓதம் உள்ள பகுதியை மட்டும் பழைய வண்ணம் போகச் சுரண்டி, பூச்சின்மேல் சுண்ணாம்பு வெள்ளை அடித்து வைக்கலாம். சுண்ணாம்பு வழியே சுவர் மூச்சுவிடும். நிறம் வேண்டுமானால் காவியோ மஞ்சள் காவியோ கலந்துகொள்ளலாம். உலர்ந்த மற்றச் சுவர்களுக்கு எமல்ஷன் அடிக்கத் தடையில்லை. கோடை முடிவில் அந்தப் பகுதிக்கும் எமல்ஷன் அடிக்கும்போது சுண்ணாம்பை முழுவதும் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். கையில் ஒட்டும் சுண்ணாம்புத் தூளின்மேல் எமல்ஷன் பிடிக்காது.